கரைந்ததா, மாறியதா?

பயிற்சிக் கூட்டங்களில் அதிகம் வரும் கேள்வி இதுதான்: "கரைசல் ரெடியாயிடுச்சான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கிறது?" ஜீவாமிர்தம் 48 மணி நேரம், அமுதக்கரைசல் 24 மணி நேரம், பஞ்சகவ்யம் 30 நாள் என்று நாள் கணக்கைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் மார்கழிக் குளிரில் 48 மணி நேரம் என்பதும் சித்திரை வெயிலில் 48 மணி நேரம் என்பதும் ஒன்றல்ல. நாளை எண்ணுவதைவிட, டிரம்முக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கத் தெரிந்துகொண்டால் காலண்டரைப் பார்க்க வேண்டியதில்லை.

200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ வெல்லத்தைப் போட்டுக் கலக்குகிறோம். வெல்லம் காணாமல் போய்விடுகிறது. அது மாறிவிட்டதா? இல்லை. நாக்கில் வைத்தால் இனிக்கும். அந்தத் தண்ணீரை அடுப்பில் சுண்டவைத்தால் வெல்லப்பாகு திரும்பக் கிடைக்கும். பொருள் அதேதான், இருக்கும் நிலைதான் வேறு. பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் இதை இயற்பியல் மாற்றம் என்று படித்தோம்.

அதே டிரம்மில் சாணம், கோமயம், பயறு மாவு, வரப்பு மண் எல்லாம் சேர்ந்து ஒரு நாள் ஆகிறது. மேலே நுரை கட்டுகிறது. காதை வைத்துக் கேட்டால் சின்னச் சின்னதாகக் குமிழ் உடையும் சத்தம். மணம் புளிப்பாகத் திரும்புகிறது. இப்போது அந்த வெல்லத்தைத் திரும்ப எடுக்க முடியாது, ஏனென்றால் வெல்லம் அங்கே இல்லை. நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவாகவும் அமிலங்களாகவும் கொஞ்சம் சாராயமாகவும் மாற்றிவிட்டன. இது வேதி மாற்றம். பொருளே வேறு பொருளாகிவிட்டது.

ஆக, வெல்லம் கரைந்தவுடனே கரைசல் தயாராகிவிடாது. நுரை, குமிழ், மணம் இந்த மூன்றும் வந்தால்தான் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். மூன்றும் வந்து அடங்கி, மணம் கெட்டு நாற்றமாகத் திரும்பினால் நாள் தாண்டிவிட்டது. இன்னொன்று: வாயு வருகிறது என்று தெரிந்துவிட்டால் மூடியை ஏன் இறுக்கித் திருகக் கூடாது என்பதும் தானாகப் புரியும். ஈரச் சாக்கு போட்டு மூடச் சொன்னது சும்மா இல்லை.

நம்மவர்களில் சிலருக்கு வேதி என்ற சொல்லைக் கேட்டாலே ஒரு கூச்சம். "நாம ரசாயனம் இல்லாம விவசாயம் பண்றவங்களாச்சே" என்பார்கள். நாம் விட்டது ரசாயன உரத்தையும் பூச்சிக்கொல்லியையும்தான். பால் தயிராவது வேதி மாற்றம். இலை மக்குவதும், விதை முளைப்பதும், நாம் தின்ற சோறு செரிப்பதும் அதுவேதான். வேதி மாற்றம் நடக்காத ஒரு நிமிடம் நிலத்தில் கிடையாது. மூட்டையில் வாங்கி வந்து கொட்டியவர்களைவிட, வேதி மாற்றத்தை மண்ணிலேயே நடத்திக்கொள்கிற நமக்குத்தான் அது அதிகம் தெரிந்திருக்க வேண்டும்.

அடையாளங்களில் உள்ள குழப்பம்

பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த விதி, "திரும்பப் பழையபடி ஆக்க முடிந்தால் இயற்பியல் மாற்றம், முடியாவிட்டால் வேதி மாற்றம்" என்பது. இது பாதி சரி. பண்ணையில் அப்படியே நம்பினால் இடறும்.

நெல்லைக் குத்தி அரிசியாக்குகிறோம். அரிசியைத் திரும்ப நெல்லாக்க எந்த மகானாலும் முடியாது. ஆனாலும் அது இயற்பியல் மாற்றம்தான். உமி தனியாக, அரிசி தனியாகப் பிரிந்தது, அவ்வளவுதான். புதிதாக எந்தப் பொருளும் உண்டாகவில்லை. வேப்பங்கொட்டையை இடிப்பது, தென்னை மட்டையைத் தூளாக்குவது எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

இதற்கு நேர் எதிர் சுண்ணாம்பு. கிளிஞ்சலைக் காளவாயில் சுடுகிறோம். கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு ஆகிறது. தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீர்த்த சுண்ணாம்பாகிறது. அதைச் சுவரில் பூசினால் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கி மறுபடியும் கிளிஞ்சலாக இருந்த அதே பொருளாக இறுகுகிறது. மூன்றுமே வேதி மாற்றங்கள்தான், ஆனால் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது. தென்னைக்குப் பூசக் கரைத்த சுண்ணாம்பை இரண்டு நாள் திறந்து வைத்தால் மேலே ஏடு கட்டுகிறதே, அதுவும் இதே வேலைதான்.

சூடும் அப்படித்தான். சூடு வந்தால் வேதி மாற்றம் என்பார்கள். பெரும்பாலும் சரி. ஆனால் யூரியா போட்டுப் பழகிய பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், வாளித் தண்ணீரில் யூரியாவைக் கரைத்தால் வாளி ஜில்லென்று ஆகிவிடும். அங்கே நடந்தது வெறும் கரைதல். சூடோ குளிர்ச்சியோ வந்ததை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இப்போது இருப்பது முன்பு இருந்த பொருளா, வேறு பொருளா? மணம், நிறம், குமிழ், சூடு, அடியில் வண்டல் படிவது எல்லாம் அந்தக் கேள்விக்குச் சாட்சிகள். ஒரு சாட்சியை வைத்துத் தீர்ப்பு சொல்லாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பாருங்கள்.

பால் ஒரே நாளில் இரண்டையும் காட்டும். உறை ஊற்றினால் பாலில் உள்ள சர்க்கரை புளிப்பு அமிலமாகிறது, வேதி மாற்றம். தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுப்பது, கொழுப்பு ஒன்றுதிரண்டு மேலே வருவது மட்டுமே; இயற்பியல் மாற்றம். வெண்ணெயை உருக்கும்போது உருகுவதும் தண்ணீர் ஆவியாவதும் இயற்பியல் மாற்றம், அடியில் கசடு சிவந்து மணம் வருகிறதே, அந்த இடம் மட்டும் வேதி மாற்றம். ஒரே சட்டியில் இரண்டும் சேர்ந்து நடக்கும் என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

காய்ந்த சாணமும் மக்கிய சாணமும்

இனி காசு சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருவோம். "நல்லா மக்குன எரு" என்று சொல்லி டிராக்டர் டிராக்டராக விற்கிறார்கள். பொலபொலவென்று இருக்கும், வாடை இருக்காது. வாங்கிப் போட்ட மூன்றாவது வாரம் பயிர் வெளிறிப்போகும், வயல் முழுக்கக் களை முளைக்கும். வாங்கியது மக்கிய எரு அல்ல. வெயிலில் காய்ந்த எரு.

காய்வது என்றால் தண்ணீர் மட்டும் போவது. சாணம் சாணமாகவே இருக்கும். நனைந்தவுடன் விட்ட இடத்திலிருந்து மறுபடி மக்கத் தொடங்கும். அதற்குள் வைக்கோல், சக்கை அதிகம் கிடந்தால், அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தங்களுக்குத் தேவையான தழைச்சத்தை மண்ணிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும். பயிருக்குக் கிடைக்காது. அதனால்தான் வெளிறுகிறது. மக்குவது என்பது வேறு. குவியலுக்குள் 55, 60 டிகிரி வரை சூடு ஏறி, சக்கையில் இருந்த கரியில் பெரும்பகுதி கரியமில வாயுவாகப் போய், எடை ஏறக்குறைய பாதியாகக் குறைந்து, மிச்சம் கறுப்பாக, மண் வாசத்தோடு நிற்பது.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. இரண்டு கைப்பிடி எடுத்து, பிழிந்தால் கை ஈரமாகிற அளவு தண்ணீர் தெளித்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி நிழலில் ஒரு வாரம் வையுங்கள். திறக்கும்போது மழை பெய்த மண் வாசம் வந்தால் மக்கியது. மூக்கைத் துளைக்கிற நெடியோ சாணி நாற்றமோ வந்தால் வெறுமனே காய வைத்தது. அவசரமென்றால் அந்த எருவில் பத்துப் பச்சைப்பயறு, தோட்டத்து மண்ணில் பத்துப் பச்சைப்பயறு ஊன்றிப் பாருங்கள். நாலைந்து நாளில் வித்தியாசம் தெரியும்.

தென்னை நார்க்கழிவிலும் இதே குழப்பம். "நல்லா அலசிட்டோங்க, அப்படியே போடலாம்" என்பார்கள். அலசினால் போவது உப்பு. அது தேவையான வேலைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்குக்கு மேல் கரி இருக்கிறது. இதை எத்தனை முறை அலசினாலும் மாற்ற முடியாது. அந்தக் கணக்கு 25-க்குப் பக்கத்தில் இறங்க வேண்டுமென்றால் மக்க வேண்டும். வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்குச் சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து மக்கவைக்கும் முறையைச் சொல்கிறது. காளான் வித்தை எடுத்துக்கொள்வோம்; யூரியாவுக்குப் பதிலாகச் சாணக் கரைசலையும் கோமயத்தையும் அடுக்கடுக்காகத் தெளித்துக்கொள்ளலாம். நாள் கொஞ்சம் கூடும்.

கோமயம் என்றதும் ஒன்று. புதுக் கோமயத்தில் நெடி குறைவு. இரண்டு நாள் திறந்து கிடந்தால் கண் எரிகிற நெடி. உள்ளிருந்த தழைச்சத்து அம்மோனியாவாக மாறிக் காற்றோடு போகிறது என்பதைத்தான் மூக்கு சொல்கிறது. அந்த நெடியை வீரியம் என்று நினைத்துச் சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. மூடி வைத்து, சீக்கிரம் பயன்படுத்துங்கள். கோமயத்திலோ எருக்குழியிலோ சுண்ணாம்பையும் சாம்பலையும் கொட்டுவதையும் நிறுத்துங்கள். கார உப்பு சேரச் சேர அம்மோனியா இன்னும் வேகமாகப் பறக்கும். சாம்பலைத் தனியாக வைத்திருந்து வயலில் தூவிக்கொள்ளலாம்.

வேப்பங்கொட்டைக் கரைசல்: மாறக் கூடாத இடம்

மேலே சொன்னதெல்லாம் மாறினால்தான் பயன். வேப்பங்கொட்டைக் கரைசலில் நமக்கு வேண்டியது மாறாமல் இருப்பது. 5 கிலோ பருப்பை இடித்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கித் தெளிக்கிறோம். இடிப்பது, ஊறுவது, வடிகட்டுவது மூன்றுமே இயற்பியல் வேலை. பருப்பிலிருக்கும் அசாடிராக்டின் அப்படியே தண்ணீருக்கு இறங்கி வர வேண்டும், அவ்வளவுதான். பஞ்சகவ்யம் மாதிரி இதையும் நாள்கணக்கில் புளிக்கவைத்தால் நல்லது என்று சிலர் செய்கிறார்கள். புளித்தால் பூச்சியை விரட்டும் பொருள்தான் சிதையும்.

வெயிலும் அதைச் சிதைக்கும். சாயங்காலம் தெளிக்கச் சொல்வது இதனால்தான். கார உப்பு கூடிய போர் தண்ணீரிலும் சீக்கிரம் சிதையும். கலக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய், தூங்கி எழுந்து தெளிப்பதெல்லாம் வேண்டாம்.

காதி சோப்பு சேர்ப்பது ஒட்டுவதற்கும், எண்ணெயும் தண்ணீரும் கலந்து நிற்பதற்கும். உப்புத் தண்ணீரில் சோப்பைப் போட்டால் நுரை வராமல் தயிர் மாதிரி திரிதிரியாகத் திரளுகிறதா? தண்ணீரிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தோடு சோப்பு சேர்ந்து கரையாத வேறு பொருளாகிவிட்டது. இனி அது சோப்பு அல்ல. எவ்வளவு கலக்கினாலும் எண்ணெயைப் பிடித்து நிறுத்தாது. தெளிப்பான் மூக்கை அடைப்பதுதான் மிச்சம். இன்னும் சோப்பு போட்டுச் சரிசெய்யப் பார்க்காமல், கலக்குவதற்கு மட்டும் மழைநீரோ ஆற்றுத் தண்ணீரோ ஒரு டிரம் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

சொட்டுநீர்க் குழாயில் என்ன அடைத்திருக்கிறது?

சொட்டுவாய் அடைத்தால் எல்லோரும் செய்வது குழாய் முனையைத் திறந்து வேகமாகத் தண்ணீர் விடுவது. மணலும் தூசியும் அடைத்திருந்தால் சரியாகிவிடும். வெள்ளையாகக் கல் மாதிரி படிந்திருந்தால் எத்தனை முறை தண்ணீர் விட்டாலும் போகாது. அந்த வெள்ளையின் மேல் வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஒரு சொட்டு விடுங்கள். பொரிந்து நுரைத்தால் சுண்ணாம்பு. சொட்டுவாயைக் கழற்றி வினிகரில் ஊறவைத்தால் கரைந்துவிடும். தண்ணீரால் ஆகாததை அமிலம் செய்கிறது.

செம்பழுப்பாகப் படிவது இரும்பு. இதில் ஒரு விஷயம் பலருக்குப் புரியாமல் பணம் விரயமாகிறது. போரிலிருந்து வரும்போது தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். வாளியில் பிடித்து வைத்தால் மறுநாள் பழுப்பாகி அடியில் வண்டல் நிற்கும். தண்ணீரில் கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டதும் கரையாத துருவாகிவிட்டது. கரைந்திருக்கும் பொருளை எந்த வடிகட்டியாலும் பிடிக்க முடியாது. அதனால் போருக்குப் பக்கத்திலேயே வடிகட்டியை மாட்டினால் தண்ணீர் அதைத் தாண்டிப் போய், சொட்டுவாயில் காற்றுப் பட்டு, அங்கே துருவாகி அடைக்கும். தண்ணீரை முதலில் தொட்டியில் உயரத்திலிருந்து கொட்டவிட்டு, ஒரு ராத்திரி தெளியவிட்டு, அதற்குப் பிறகு வடிகட்டுங்கள். முதலில் மாற விட வேண்டும், அப்புறம்தான் பிரிக்க முடியும்.

நெல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரத்துக்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்புகிறார்கள். காயவைத்தால் ஈரம் போய்விடும், நெல் நெல்லாகவே இருக்கும். ஆனால் ஈர நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடி இரண்டு மூன்று நாள் குவித்து வைத்தால் குவியலுக்குள் கையை விட முடியாத சூடு. அரிசி பழுப்பேறிவிடும். அந்தப் பழுப்பை எந்தக் களத்தில் எத்தனை நாள் காயவைத்தாலும் எடுக்க முடியாது. மழை விடாவிட்டாலும் கூரைக்குக் கீழே மெல்லிசாகப் பரப்பிக் கிளறிக்கொண்டே இருப்பது அதனால்தான்.

உவரும் களரும்

இந்த இரண்டு மாற்றங்களையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால் அதிகமாக நஷ்டப்படும் இடம் கெட்டுப்போன நிலம். உப்புப் பூத்த நிலம் எல்லாவற்றையும் "உப்பு மண்ணு" என்று ஒரே பேரில் சொல்லிவிடுகிறோம். நம் முன்னோர் உவர் என்றும் களர் என்றும் இரண்டு சொல் வைத்திருந்தார்கள். இரண்டும் ஒன்றல்ல, வைத்தியமும் ஒன்றல்ல.

உவர் நிலத்தில் உப்பு மண்ணோடு கலந்து கிடக்கிறது. காய்ந்தால் மேலே வெள்ளையாகப் பூக்கும், மழை பெய்தால் கரைந்து கீழே இறங்கும். மண் மண்ணாகவே இருக்கிறது, உப்பு உப்பாகவே இருக்கிறது. வெல்லம் கரைந்த தண்ணீர் மாதிரி. பரிசோதனை அட்டையில் மின்கடத்தும் திறன் 4-க்கு மேல் இருக்கும், கார அமில நிலை 8.5-க்குக் கீழே இருக்கும். இதற்கு வைத்தியம் நல்ல தண்ணீரும் வடிகாலும்தான். வரப்பைக் கட்டி, தண்ணீர் தேக்கி, வடித்து, மறுபடி தேக்கி வடித்தால் உப்பு போய்விடும். வாங்கிப் போட வேண்டியது எதுவும் இல்லை.

களர் நிலத்தில் சோடியம் களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அங்கே இருக்க வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. மண்ணே வேறு மண்ணாகிவிட்டது. துகள்கள் ஒன்றோடொன்று சேராமல் பிரிந்து, பொடியாகி, மண்ணின் கண்களை அடைத்துவிடும். மழை பெய்தால் நாள்கணக்கில் தண்ணீர் கலங்கலாக நிற்கும், காய்ந்தால் கடப்பாரை இறங்காது. சில இடங்களில் மட்கு கரைந்து மேலே கறுப்புப் படலமாகத் தெரியும். கார அமில நிலை 8.5-க்கு மேலே, சில நிலங்களில் 10-ஐத் தொடும். மின்கடத்தும் திறன் குறைவாகவே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "உப்பு இல்லைங்க, நல்ல மண்ணு" என்று ஏமாந்தவர்கள் உண்டு.

களர் நிலத்தில் எவ்வளவு தண்ணீர் தேக்கி வடித்தாலும் சோடியம் போகாது. ஒட்டியிருப்பதைக் கழுவ முடியாது. அந்த இடத்துக்கு வேறு ஒன்றைக் கொண்டுவந்து உட்காரவைத்தால்தான் எழுந்து வரும். அந்த வேறு ஒன்றுதான் சுண்ணாம்புச் சத்து. ஜிப்சம் போடும்போது அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்து களிமண்ணில் போய் உட்கார, வெளியே வந்த சோடியம் சோடியம் சல்பேட் என்ற உப்பாகிறது. அது தண்ணீரில் நன்றாகக் கரையும். இப்போது தேக்கி வடித்தால் போகும். முதலில் வேதி மாற்றம், பிறகு அலசல். இந்த வரிசையை மாற்றினாலோ, ஜிப்சம் போட்டுவிட்டு வடிகால் வெட்டாமல் விட்டாலோ, வெளியே வந்த சோடியம் போக வழி இல்லாமல் அங்கேயே நிற்கும். காசு மண்ணோடு போகும்.

ஜிப்சம் இயற்கை விவசாயத்துக்கு ஆகுமா என்று கேட்பீர்கள். சுரங்கத்திலிருந்து வெட்டி எடுத்த ஜிப்சம் இயற்கை வேளாண்மைத் தரநிலைகளில் அனுமதிக்கப்பட்டதுதான். உரத் தொழிற்சாலையில் கழிவாக வருகிற ஜிப்சமும் சந்தையில் உண்டு. எது என்று கேட்டு வாங்குங்கள். சான்று பெற்ற பண்ணையாக இருந்தால் சான்றளிப்பவரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

நம் கையிலேயே இன்னொரு வழியும் இருக்கிறது, நான் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். பல களர் நிலங்களில் அடி மண்ணில் சுண்ணாம்புக் கட்டிகள் கிடக்கும். அத்தனை சுண்ணாம்பு இருந்தும் கரையாமல் கிடப்பதால் பயனில்லை. தக்கைப்பூண்டை வளர்த்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுது தண்ணீர் கட்டினால், அது அழுகும்போது வரும் கரியமில வாயு தண்ணீரோடு சேர்ந்து லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து விடும். ஜிப்சம் செய்யும் வேலையை மண்ணிலிருக்கும் சுண்ணாம்பே செய்யத் தொடங்கும். உங்கள் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று தெரிய, காய்ந்த கட்டி ஒன்றை எடுத்து மேலே வினிகர் ஊற்றுங்கள். பொரிந்தால் இருக்கிறது. பொரியவில்லை என்றால் தக்கைப்பூண்டு மட்டும் போதாது, ஜிப்சமும் வேண்டும். எவ்வளவு என்பது நிலத்துக்கு நிலம் மாறும். மண் பரிசோதனை நிலையத்தில் "ஜிப்சம் தேவை" என்று சொல்லியே கேளுங்கள், கணக்குப் போட்டுத் தருவார்கள்.

உவரும் களரும் சேர்ந்த நிலம்தான் மோசமான பொறி. உப்பு நிறைய இருக்கும்வரை களிமண் துகள்கள் ஒன்றுசேர்ந்து படிந்து நிற்கும், மண் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். கலங்கல் தண்ணீரில் படிகாரம் போட்டால் அழுக்கு திரண்டு அடியில் போகிறதே, அந்த மாதிரி. "உப்புதானே, கழுவிடலாம்" என்று நல்ல தண்ணீராகப் பாய்ச்சி வடித்தால் உப்பு போய்விடும், சோடியம் ஒட்டியபடியே இருக்கும். சுமாராக இருந்த நிலம் ஒரே போகத்தில் சிமெண்ட் தரை மாதிரி ஆகிவிடும். இங்கே ஜிப்சத்தைப் போட்டுவிட்டுத்தான் அலச வேண்டும்.

எந்த நிலம் என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள ஒரு கண்ணாடித் தம்ளரும் மழைநீரும் போதும். போர் தண்ணீர் வேண்டாம், அதிலேயே உப்பு இருக்கும். பட்டாணி அளவு காய்ந்த மண் கட்டி ஒன்றைத் தண்ணீருக்குள் மெதுவாக விடுங்கள். கலக்காதீர்கள், தம்ளரை அசைக்காதீர்கள். பத்து நிமிடம் கழித்து ஒரு முறை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை, மறுநாள் காலையில் ஒரு முறை பாருங்கள்.

கட்டி அப்படியே நின்றால் மட்கு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கட்டி உதிர்ந்து சின்னக் குவியலாக விழுந்து, சுற்றியுள்ள தண்ணீர் தெளிவாக இருந்தால், அது மண் கட்டுமானம் தளர்ந்திருப்பது மட்டுமே. மூடாக்கும் மட்கும் போட்டால் தேறிவிடும். கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி வெண்கலங்கல் கிளம்பி, மறுநாளும் தெளியாமல் நின்றால் களர். தெளிவாக இருக்கிறது, ஆனால் வயலில் உப்புப் பூக்கிறது என்றால் சோதனையை அங்கே நிறுத்தாதீர்கள். தண்ணீரை மெதுவாக வடித்துவிட்டு, தம்ளரின் ஓரமாகப் புதிய மழைநீரை நிரப்பித் தெளிய விடுங்கள். இப்படி மூன்று நான்கு முறை செய்யுங்கள். உப்பு போகப் போகத் தண்ணீர் தெளியாமல் கலங்கலாக நிற்கத் தொடங்கினால் உங்களுடையது இரண்டும் சேர்ந்த நிலம். கடைசிவரை தெளிவாகவே இருந்தால் வெறும் உவர், தைரியமாகத் தண்ணீர் கட்டி அலசலாம். மேட்டுப் பகுதி, பள்ளம், வாய்க்கால் ஓரம் என்று நாலைந்து இடத்தில் மண் எடுத்துப் பாருங்கள். ஒரே ஏக்கரில் இரண்டு விதமும் இருப்பது சகஜம். பெரிய செலவில் இறங்குவதற்கு முன் பரிசோதனை நிலையத்து அட்டையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீர்திருத்தம் ஒரே போகத்தில் முடியாது. முதல் இரண்டு மூன்று போகத்துக்கு நெல்தான் தோது, ஏனென்றால் தண்ணீர் தேங்கி நிற்பதே அலசலுக்கு உதவும். பாரம்பரிய ரகங்களில் களர்பாலையைக் களர் நிலத்திலும், குழியடிச்சானை நாகப்பட்டினம் பக்கத்துக் கடலோர உவர் நிலங்களிலும் போட்டுப் பழகியிருக்கிறார்கள். நாற்றை இளசாகப் பிடுங்காமல் கொஞ்சம் வயதேறியதாக, குத்துக்கு ஒன்றிரண்டு கூடுதலாக நடுங்கள். வடிகால் வாய்க்காலைத் தை மாதத்திலேயே தூர்வாரி வைத்துவிட்டால் தக்கைப்பூண்டு விதைக்கக் கோடை மழை வரும்போது நிலம் தயாராக இருக்கும்.